காலையில் சமாதி, சாயங்காலம் பீர்

இது நடந்தது. கட்டுக்கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சியில் பொங்கல் விழா, பிறந்தநாள் பார்ட்டி என்று எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் இதை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பேய்க்கு பீர் ஊத்திக் கொடுத்த கதை தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சொல்கிறவர் அந்த ஹாலில் காலெடுத்து வைத்ததே இல்லை. நான் இருந்தேன். அந்த மேஜைக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். அந்த கிளாஸை இந்தக் கையால் தொட்டேன். கேட்டுக் கேட்டுக் கோபம் தலைக்கேறிவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மரகதம். ஈரோட்டுப் பக்கம். கல்யாணமாகி நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்போது 1999. என் கணவர் கதிர் புரோகிராமர். அவரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தது பிச்சுமணி என்பவர் நடத்திய சின்ன கம்பெனி. விசா அவர் கையில். கிரீன் கார்டு அவர் கையில். லீவு கேட்டாலும் அவர்தான் தர வேண்டும். எனக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. கார் ஓட்டத் தெரியாது. ஜன்னல் வழியாக பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டே மூன்று வருஷம் போயிருந்தது.

பிச்சுமணிக்கு ஐம்பது வயது இருக்கும். மூத்தவர், மரியாதையாகத்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன். மனசுக்குள் வேறு மாதிரிதான் சொல்லிக்கொள்கிறேன்.

அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பீர். இன்னொன்று இரண்டாம் உலகப் போர். வீட்டு பேஸ்மென்டில் ஒரு சுவர் முழுக்க பொம்மை டாங்கிகள். எதிர்ச் சுவர் முழுக்க பீர் பாட்டில்கள். போர் முடிந்து ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறது என்று 2000 மே மாதம் ஐரோப்பா போக முடிவு செய்தார். தனியாகப் போனால் பேச்சைக் கேட்க ஆள் வேண்டுமே? கம்பெனியில் வேலை பார்த்த மூன்று பேரையும் அவர்கள் மனைவிகளையும் சேர்த்துக்கொண்டார். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டார். செலவு மட்டும் அவரவருடையது.

பெல்ஜியத்தில் இறங்க வேண்டும். அங்கே மடத்துத் துறவிகளே காய்ச்சும் பீரைக் குடிக்க வேண்டும். பிறகு பாஸ்டோன் என்ற ஊர். 1944 டிசம்பரில் அதைச் சுற்றியிருந்த காடுகளில்தான் அமெரிக்கச் சிப்பாய்கள் பனியில் மாட்டிக்கொண்டு கும்பல் கும்பலாகச் செத்தார்கள். அங்கிருந்து சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். கடைசியில் ம்யூனிக். பகலில் வதைமுகாம், இரவில் பீர் ஹால்.

"சிம்பிள் பிளான்ப்பா. காலையில சமாதி, சாயங்காலம் பீர்!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். அவர் சிரித்தால் கம்பெனி ஆட்களும் சிரிப்பார்கள். என் கணவரும்தான்.

அதே மே மாதத்தில்தான் என் ஒரே தங்கைக்குக் கல்யாணம்.

கதிர் லீவு கேட்டார். தயங்கித் தயங்கி, பிச்சுமணி வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மச்சினி கல்யாணம்தானே? நீயா தாலி கட்டப் போறே?" என்றார் பிச்சுமணி. "யூரோப்புக்கும் இந்தியாவுக்கும் சேர்த்து லீவு தர முடியாதுப்பா. யோசிச்சுக்கோ. மார்ச்ல உன் கிரீன் கார்டு ஃபைல் பண்ணணும், ஞாபகம் இருக்கில்ல?"

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க நான் பேசினேன்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"கிரீன் கார்டு வரட்டும் மரகதம். அப்புறம் பாரு."

"அப்புறம் என்னத்தைப் பாக்கறது? அவ கல்யாணம் முடிஞ்சு புள்ளையே பொறந்திருக்கும்!"

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பயணத்தைப் பற்றிப் பேச எல்லோரையும் வரச் சொன்னார் பிச்சுமணி. பக்கத்து ஊரில் போருக்குப் போய்வந்த பழைய சிப்பாய்களின் கிளப் ஒன்று இருக்கிறது. அதன் ஹாலை வாடகைக்கு விடுவார்கள். தமிழ்க்காரர்கள் தீபாவளிக்கும் வளைகாப்புக்கும் எடுப்பது வழக்கம். "வார் டிரிப்பை வார் ஹால்ல பிளான் பண்றோம்" என்று அவருக்கு ஒரே பெருமை. எங்கள் கார் ரிப்பேர். அவருடைய மினிவேனிலேயே போனோம். பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கிரேட் நிறைய பெல்ஜியம் பீர் பாட்டில்கள். அங்கே போய்க் குடிப்பதற்கு இங்கே ஒத்திகையாம்.

வேனை ஓட்டியது அவர் மனைவி விசாலாக்ஷி ஆன்ட்டி. அதிகம் பேச மாட்டார். பேசவும் பிச்சுமணி விடமாட்டார். "இந்த எக்ஸிட்தானே?" என்று கேட்டதற்கு, "மேப் என் கையில இருக்கு. நீ ரோட்டைப் பாரு" என்று எங்கள் முன்னால் எரிந்து விழுந்தார் பிச்சுமணி. ஆன்ட்டி ரோட்டைப் பார்த்தார்.

ஹாலைத் திறந்துவிட்டவர் வால்டர் என்ற வெள்ளைக்காரக் கிழவர். கொரியப் போருக்குப் போனவர். விளக்கு எங்கே, பாத்ரூம் எங்கே என்று காட்டினார். பிறகு மூலையில் ஒரு சின்ன வட்ட மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

வெள்ளைத் துணி விரித்த மேஜை. ஒரே ஒரு நாற்காலி. அதன் முதுகு மேஜை மேல் சாய்ந்திருந்தது. ஒரு தட்டு, தட்டில் எலுமிச்சைத் துண்டு ஒன்று, கொஞ்சம் உப்பு. ஒரு ரோஜா. கவிழ்த்து வைத்த ஒரு கிளாஸ்.

"போருக்குப் போய் உயிரோடும் திரும்பாமல், பிணமாகவும் திரும்பாமல் போனவர்களின் மேஜை இது" என்றார் வால்டர், அவர் ஆங்கிலத்தில். "அவர்களால் நம்மோடு குடிக்க முடியாது. அதனால்தான் கிளாஸ் கவிழ்ந்திருக்கிறது. ஹாலில் எதை வேண்டுமானாலும் நகர்த்துங்கள். இதை மட்டும் தொடாதீர்கள்."

ஐந்து மணிக்கு வந்து பூட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற இரண்டு ஜோடிகளும் வந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். நீள மேஜையில் ஐரோப்பா மேப்பை விரித்தார் பிச்சுமணி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாட்டில் வைத்தார். இந்த ஊர் வந்தால் இந்த பீர். ஆண்கள் நாலு பேரும் குடித்தார்கள். "நுரையைப் பாருங்க, வாசனையைப் பிடிங்க" என்று பாடம் நடந்தது. ஆன்ட்டி செய்துகொண்டு வந்த மசால் வடையைக் கடித்துவிட்டு, "உப்பே இல்ல. முப்பது வருஷமா இவளுக்கு உப்பு போட வரல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாஸ்டோன் வந்தது. அதற்கு மூன்றாவது பாட்டில்.

"இந்த ஊர்ல எத்தனை பசங்க ஐஸ்ல விறைச்சுப் போனாங்க தெரியுமா?" என்று எழுந்தார் பிச்சுமணி. கண் சிவந்திருந்தது. நேராக அந்த மூலைக்குப் போனார். "அவங்களைப் பாக்கத்தானே போறோம்? அவங்களுக்குக் குடுக்காம நாம குடிக்கிறது மரியாதையா?"

"அதை விட்டுடுங்கோ. வேண்டாம்" என்றார் விசாலாக்ஷி ஆன்ட்டி.

"நீ சும்மா இரு."

கிளாஸை எடுத்தார். நிமிர்த்தி வைத்தார். பாஸ்டோன் பாட்டிலில் இருந்ததை அதில் ஊற்றினார். நுரை பொங்கி வெள்ளைத் துணியில் வழிந்தது.

"சியர்ஸ் சார்! வாங்க, எங்க டீம்ல சேர்ந்துக்கோங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவனுக்கு வைத்த இலையில் எச்சில் துப்புவது போல இருந்தது. "சார், அவர் தொட வேண்டாம்னு சொல்லிட்டுத்தானே போனார்?" என்றேன். கதிர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். பிச்சுமணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அடுத்தது ஸ்லைடு. லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த படங்கள். விளக்கை அணைத்தார்கள். நாலரை மணிதான், ஆனால் நவம்பர். வெளியே இருட்டிவிட்டது. பனித்தூறல் ஜன்னலில் சரசரவென்று விழும் சத்தம். புரொஜெக்டர் விசிறியின் சத்தம். திரையில் வெள்ளைச் சிலுவைகள்... வரிசை வரிசையாக.

"ஹோட்டலுக்குப் பேர் குடுக்கணும். பேரைக் கூப்பிடறேன், மிலிட்டரி மாதிரி பதில் சொல்லுங்க" என்றார் பிச்சுமணி.

கூப்பிட்டார். ஒவ்வொருவரும் இருட்டில் "ஆஜர்" என்றார்கள். சிரிப்பு. கதிர் ஆஜர் என்றார். நானும் முணுமுணுத்தேன். கடைசியாக ஆன்ட்டி.

"அவ்ளோதான்" என்றார் பிச்சுமணி.

"ஹியர்."

மெல்லிய குரல். இளம் குரல். வெள்ளைக்காரப் பையனின் உச்சரிப்பு. தொண்டை காய்ந்து, கரகரப்பாக...

மூலையிலிருந்து வந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"எவன்டா அது?" என்றார் பிச்சுமணி.

கிர்ர்ர்ர்...

நாற்காலிக் கால் தரையில் இழுபடும் சத்தம்.

யாரோ தட்டுத் தடுமாறிப் போய் விளக்கைப் போட்டார்கள். விளக்கைப் போட்டவரைத் தவிர நாங்கள் எல்லோரும் நீள மேஜையைச் சுற்றியே இருந்தோம். மூலையில் ஒருவரும் இல்லை. ஆனால் மேஜை மேல் சாய்ந்திருந்த நாற்காலி நேராக நின்றது. யாரோ உட்காருவதற்காகப் பின்னால் தள்ளியது போல.

கிளாஸ் காலி.

உள்பக்கம் நுரை அப்போதுதான் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"யார் குடிச்சது? விளையாடறீங்களா?" பிச்சுமணி கத்தினார். பயம் தெரியக் கூடாதென்று கத்துகிறார் என்று எனக்குப் புரிந்தது. "நீதானே மரகதம்? அப்பவே பிடிக்காம மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே!"

"நான் இவர் பக்கத்துல உக்காந்திருந்தேன். கேளுங்க" என்றேன்.

கதிர் தரையைப் பார்த்தார்.

பிச்சுமணி இன்னொரு பாட்டிலை எடுத்தார். புதுசு. மூடியைத் திறந்து விளிம்பு வரை ஊற்றினார். "இப்ப குடிக்கட்டும் பார்ப்போம். லைட்டு எரியுது. எல்லாரும் பாருங்க."

பார்த்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. நுரை அடங்கியது. யாரோ மூச்சு விட்டார்கள். பிச்சுமணி இளித்தார்.

அப்போது...

மடக்.

மிகச் சின்னச் சத்தம். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம்.

மடக்... மடக்...

கிளாஸ் அசையவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. பீர் மட்டும் இறங்கியது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. பல நாள் தாகம் எடுத்தவன் குடிப்பது போல, நிறுத்தாமல்...

மடக். மடக். மடக்.

தீர்ந்தது.

கிளாஸின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது.

ஒரு பெண் வீறிட்டாள். அதே நேரம் வாசல் கதவு திறந்தது. வால்டர். கையில் சாவிக்கொத்து.

அவர் கண் நேராக மேஜைக்குத்தான் போனது. நனைந்த துணி. நிமிர்ந்த கிளாஸ். நகர்ந்த நாற்காலி. அந்தக் கிழவரின் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"யார் செய்தது?"

பிச்சுமணி தொண்டையைச் செருமினார். விரலை நீட்டினார்.

என்னை நோக்கி.

"இந்தப் பெண் ஊருக்குப் புதிது. தெரியாமல் செய்துவிட்டாள். மன்னித்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சரளமாக. கொஞ்சம் புன்னகையோடு.

நான் கதிரைப் பார்த்தேன். ஆறு பேர் இருக்கிறார்கள், யாராவது சொல்வார்கள் என்றில்லை. கதிர் சொல்வார் என்று பார்த்தேன். அவர் உதடு திறந்தது. மூடிக்கொண்டது.

அந்த ஹாலில் எனக்குப் பேய் பயம் போனது அந்த நொடியில்தான். கோபம் மட்டும் இருந்தது. காதில் இரைச்சலாகக் கேட்கிற கோபம்.

"அந்த நாற்காலியிடம் போ" என்றார் வால்டர். "கிளாஸைக் கவிழ்த்து வை. மன்னிப்புக் கேள். பிறகு எல்லோரும் வெளியே போங்கள்."

நான் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. யார் நம்பப் போகிறார்கள்? நடந்து போனேன். மேஜையைச் சுற்றி ஐஸ்பெட்டியைத் திறந்தது போலக் குளிர். மண் வாசனை. ஈரக் கம்பளி வாசனை. கிளாஸைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். தோல் கொஞ்சம் பிய்ந்தது.

கவிழ்த்தேன்.

காலி நாற்காலியைப் பார்த்தேன். ஆனால் காலியாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். வாயில் மன்னிப்பு வரவில்லை. நானே எதிர்பார்க்காதது வந்தது. தமிழில். யாருக்கும் கேட்காத குரலில்.

"நான் இல்ல. அந்த ஆள்தான்."

திரும்பி, பிச்சுமணியைக் கை காட்டினேன்.

தமிழ் புரியுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அப்படிச் செய்ததற்கு நான் இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

நாற்காலி மெதுவாக முனகியது. பாரம் எழுந்ததும் மரம் முனகுமே... அப்படி.

அவ்வளவு நேரமும் என் முகத்தில் அடித்த குளிர் சட்டென்று விலகியது.

வெளியே ஓடினோம். மற்ற இரண்டு ஜோடிகளும் சொல்லாமல் கொள்ளாமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வேனில் ஏறி, நடு சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தேன். அழுகை. கதிர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

"என்னைக் காட்டிக் குடுத்தான். நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

"மரகதம்..."

"பேசாதீங்க."

பிச்சுமணி முன் சீட்டில். ஆன்ட்டி கடைசியாக ஏறி வேனைக் கிளப்பினார். ஃப்ரீவே. ஹீட்டரை முழுசாகத் திருப்பினார் பிச்சுமணி. "ஏன் இப்படிக் குளிர்றது?" என்றார். எனக்கு வேர்த்தது. ஆனால் என் பின்னங்கழுத்து மட்டும் சில்லிட்டது.

எங்களுக்குப் பின்னால் கடைசி வரிசை சீட். அதில் யாரும் இல்லை. அதற்கும் பின்னால், ஹாலுக்குள் இறக்காமல் விட்ட இன்னொரு பீர் கிரேட்.

கிளிங்... பாட்டில்கள் உரசின. ரோடு அப்படி, என்று நினைத்துக்கொண்டேன்.

கிளிங்.

பிறகு ஒரு இருமல்.

வறட்டு இருமல். நெஞ்சிலிருந்து. என் காதுக்குப் பின்னால்...

கதிர் என் கையைப் பிடித்தார். இந்தத் தடவை நான் விடவில்லை. இரண்டு பேரும் திரும்பவில்லை.

விசாலாக்ஷி ஆன்ட்டி மேலே கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடி. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, அதைக் கூரைப் பக்கமாகத் திருப்பிவிட்டார். வீடு வருகிறவரை அதைத் தொடவில்லை.

அவர்கள் வீட்டு கராஜில் கிரேட்டை இறக்கக் கதிர் தூக்கினார். தூக்கிய வேகத்தில் தடுமாறினார். எடையே இல்லை. ஒரு கிரேட் முழுக்கத் திறக்காத பாட்டில்கள். மூடி மூடியபடி இருந்தது. ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

காலி.

எல்லாமே காலி.

பிச்சுமணி அதை வாங்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். மூடியை நகத்தால் நோண்டிப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் வாயடைத்து நின்றார்.

அன்றிரவு நானும் கதிரும் போட்ட சண்டையை விரிவாக எழுத மாட்டேன். "கிரீன் கார்டுக்கு என்னை வித்துட்டீங்க" என்றேன். அவர் அழுதார். விடியற்காலையில், "வேற கம்பெனி பாக்கறேன். கிரீன் கார்டு முதல்லயிருந்து ஆரம்பிக்கட்டும். பரவால்ல" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் தேடினார். பிப்ரவரியில் மாறியும் விட்டார். கிரீன் கார்டு வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

பிச்சுமணி பிடிவாதக்காரர். பயணத்தை விடுவதாக இல்லை. டிசம்பர் முழுக்கத் திட்டம் ஓடியது. ஆனால் ஆபீசில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கதிர் சொன்னார். பிறகு, மேஜைக்கு அடியில் ஹீட்டர் வைத்திருக்கிறார் என்றார். பிறகு, மூன்று சாக்ஸ் போட்டும் கால் சில்லிடுகிறது என்கிறாராம். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

ஜனவரி முதல் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். போகக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆன்ட்டிக்காகப் போனேன்.

இரண்டு பாதங்களிலும் விரல்கள் கருகியது போலக் கறுத்திருந்தன. சர்க்கரை நோயா என்று கேட்டோம். இல்லை. ஃப்ராஸ்ட்பைட் என்றார் டாக்டர். பனியில் சதை உறைந்து செத்துப்போவது. "வெறுங்காலோடு எத்தனை நாள் பனியில் நின்றார்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

அவரோ அத்தனை நாளும் வீட்டுப் படுக்கையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், இரண்டு கனத்த ரஜாய் போர்த்திக்கொண்டுதான் கிடந்தார்.

ஐந்து விரல்களை எடுத்தார்கள். ஐரோப்பா பேச்சு அதோடு நின்றது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். கேட்கவில்லை. வந்துவிட்டேன். மே மாதம் நாங்கள் ஈரோட்டில் இருந்தோம். தங்கை கல்யாணத்தில் கதிர்தான் பந்தியில் நின்று பரிமாறினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் இதை மறந்திருப்பேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வாங்கினேன். நான் தனியாக முதலில் ஓட்டிக்கொண்டு போனது அந்த ஹாலுக்குத்தான். நல்ல வெயில். பட்டப்பகல். வால்டர் வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"அன்றைக்கு அந்த கிளாஸைத் திருப்பியது நான் இல்லை" என்றேன். எட்டு மாதம் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலம். "செய்யாத தப்புக்கு என்னை மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்புறம் யோசித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் கோபத்தில் இருந்தேன். தப்புதான். மன்னித்துவிடு."

அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் வந்தேன். மனசு லேசானது. கிளம்பத் திரும்பினேன்.

"ஆமாம், அந்தப் பையன் எப்படி இருக்கிறான்?" என்றார்.

"எந்தப் பையன்?"

"உங்களோடு வந்தானே, அமெரிக்கப் பையன். பத்தொன்பது இருபது வயதிருக்கும். அந்தக் குளிரில் காலில் ஷூ கூட இல்லை. நான் கதவடியில் நின்று கூப்பிட்டேன். அவன் திரும்பவே இல்லை. அந்தப் பெரிய மனிதரை ஒட்டியே போய்க்கொண்டிருந்தான்."

வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகு சில்லிட்டது.

"எங்களோடு அப்படி யாரும் வரவில்லை" என்றேன்.

வால்டர் சிரித்தார். நான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

"உங்கள் வேனில்தானே ஏறினான்? வண்டி ஓட்டினாரே ஒரு அம்மா, அவர்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவன் ஏறியதும் மெதுவாகச் சாத்தினார்."

நான் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தபோது... என் முழங்காலை உரசிக்கொண்டுதான் அவன் பின் சீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

விசாலாக்ஷி ஆன்ட்டியைக் கோயிலில் அடிக்கடி பார்க்கிறேன். பிச்சுமணியின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வருவார். என்னைப் பார்த்துச் சிரிப்பார். முன்னைவிட நிறையப் பேசுகிறார்.

அந்தக் கதவைப் பற்றி அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவார்.